பாரம்

மார்கழி. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து வரும் குளிரில் ஈரமண் வாசனை. விளக்கைப் போட்டுக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தேன். எழுத எதுவும் வரவில்லை. சும்மா இருந்த அந்த நேரத்தில் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் ஓரத்தை மெல்ல வருடிக்கொண்டிருந்தது.

அச்செழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சிறு பள்ளம் இருக்கும். 'நிக்' என்போம். எழுத்துப் பெட்டியின் அறையிலிருந்து எழுத்தை எடுத்த நொடியிலேயே விரல் அந்தப் பள்ளத்தைக் கண்டுகொள்ளும். அதை வைத்துத்தான் எழுத்தின் தலை எது, கால் எது என்று தெரியும். கடைசியாக நான் எழுத்துக் கோத்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. விரல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

*

1981. எனக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் கணக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வாரக்கூலி தேவைப்பட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

முதல் மூன்று மாதம் எழுத்துக் கோக்க விடவில்லை. பிரித்துப் போடுகிற வேலைதான். அடித்து முடித்த மேட்டரை, அதாவது கோத்த எழுத்துகளை, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கட்டை அவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். தமிழ்க் கேஸில் நூற்றுக்கும் மேலான அறைகள். கைக்குப் பக்கத்தில் க, த, ம, ர, புள்ளி வைத்த ன், ம், க். எப்போதாவது தேவைப்படுகிறவை ஓரத்தில். யாரோ ஒருவரின் கருமாதிப் பத்திரிகையைப் பிரித்துப் போடுவேன். மறுநாள் காலை அதே ஈயத்திலிருந்து இன்னொரு வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழ் எழும்பும். இறந்தவர் பெயரில் இருந்த 'ர' குழந்தையின் பெயருக்குப் போகும். அந்த வயதில் இது எனக்கு ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

ஃபோர்மன் ஐம்பதைத் தாண்டியவர். "கண்ணால பாக்காத தம்பி, வெரலால பாரு" என்பார். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாக நிற்கும். கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியும் இருக்கும். ஆனால் இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும். ஆறு மாதத்தில் அப்படி வாசிக்க வந்துவிட்டது. அதன் பிறகு நெடுநாளைக்கு, நேராக அச்சான பக்கத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஒரு தயக்கம் வரும். எதையோ எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல.

கேஸின் ஓரத்து அறைகள் சிலவற்றில் தூசி படிந்த எழுத்துகள் கிடந்தன. துதிக்கை போட்ட பழைய வடிவ லை, னை, ணை. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது வழக்கிலிருந்து விலகியவை. பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் விலக்கிவிட்டவை. ஃபோர்மன் அவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தார். வேலை இல்லாத மத்தியானங்களில் ஒரு லையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, திரும்ப அதே அறையில் போடுவார். காரணம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

*

பாரம் என்ற சொல்.

கோத்த பக்கங்களை வரிசைப்படுத்தி, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் கட்டை கொடுத்து முடுக்கினால் அது ஒரு பாரம். எட்டுப் பக்கப் பாரம், பதினாறு பக்கப் பாரம். "புத்தகம் எத்தனை பாரம் வருது?" என்பதுதான் அச்சகத்தில் முதல் கேள்வி. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான். ஆனால் அதைத் தமிழ் நாக்கில் இப்படித் திருப்பியவர், ஈயம் நிறைந்த அந்தச் சட்டத்தைக் கல்மேசையிலிருந்து மெஷினுக்குத் தூக்கிப் போனவராகத்தான் இருக்க வேண்டும். எழுத்துக்கு எடை உண்டு என்பது அவருக்கு உவமை இல்லை. இடுப்பில் தெரிந்தது.

*

எழுத்தாளர் ஜெயகாந்தன் பிறந்ததும் இந்த மஞ்சக்குப்பத்தில்தான், 1934 ஏப்ரல் 24 அன்று. எங்கள் அச்சகத்தில் அவர் பெயர் அடிக்கடி அடிபடும். "அவுரும் கம்பாசிட்டர் வேல பாத்தவருதான்" என்பார் ஃபோர்மன், சொந்தக்காரர் ஒருவரைச் சொல்வதுபோல.

ஐந்தாம் வகுப்போடு அவருக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு விழுப்புரத்தில் மாமா வீடு; பாரதியும் பொதுவுடைமையும் அங்கேதான் அறிமுகமாயின. பன்னிரண்டு வயதில் சென்னை. கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூனில் வளர்ந்தார். ஜனசக்தி அச்சகத்தில் வேலை செய்தார்; ஜனசக்தி பத்திரிகையைத் தெருவில் விற்றார். மளிகைக்கடைப் பையன், டாக்டருக்குப் பை தூக்குகிறவர், மாவு மெஷினில் ஆள், சினிமாக் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்பவர், டிரெடில் அச்சு மெஷினை மிதிப்பவர், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், ஃபவுண்டரியில் தொழிலாளி, ஜட்கா வண்டிக்காரருக்கு உதவியாள், புரூஃப் பார்ப்பவர்.

நூலின் பின்னட்டையில் இது ஒரே வாக்கியம். படிப்பவர் மூன்று விநாடியில் கடந்துபோகிறார். கம்பாசிட்டராக இருந்தவனுக்கு அந்த வாக்கியத்தில் கண் வேறிடத்தில் நிற்கிறது. காற்புள்ளிகளில். காற்புள்ளியும் ஓர் அச்செழுத்துதான். அதற்கும் ஓர் அறை உண்டு, உயரம் உண்டு. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சின்னக் குறிக்குள்தான் கூலி தராத சனிக்கிழமையும், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற சொல்லும், இரவு எங்கே படுப்பது என்ற கேள்வியும் இருக்கின்றன. அவருடைய காற்புள்ளிகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னுடையவற்றில் இவைதான் இருந்தன.

*

தஞ்சாவூர்ச் செருப்புக்கடையைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன்.

1949-ல் கட்சிக்கு நெருக்கடி வந்தபோது ஜெயகாந்தன் தஞ்சாவூர் போய் ஒரு செருப்புக்கடையில் சிறிது காலம் வேலை பார்த்தார். பதினைந்து வயது. கூட்டம், விவாதம், தோழர்கள் என்று இருந்த இடத்திலிருந்து ஒரேயடியாகப் பிரிந்து, அறியாத ஊரில், அந்நியரின் பாதங்களுக்கு முன்னால். யோசிக்கவும் எழுதவும் அவருக்கு அவகாசம் கிடைத்தது அங்கேதான். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இதை இடைவெளி என்று வைத்துத் தாண்டிப்போவார்கள். எனக்கு அந்த இடைவெளிதான் முக்கியம். கட்சி அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. பேச ஆளில்லாத கடை அதை உள்ளே திருப்பிவிட்டது.

இன்னொரு செருப்புக்கடையும் உண்டு. ரஷ்யாவில், வோல்கா கரையில், நீஷ்னி நோவ்கரத்தில். 1868-ல் பிறந்த அலெக்ஸி பெஷ்கோவ் என்ற பையனுக்குத் தகப்பன் காலராவில் போனார், பிறகு தாயும் போனாள். தாத்தா அவனை வெளியே அனுப்பியபோது போன முதல் இடம் ஒரு செருப்புக்கடை. அடுப்பிலிருந்த முட்டைக்கோஸ் சூப் கையில் கொட்டி, வெந்த கைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். அதன்பின் நீராவிக் கப்பலில் தட்டுக் கழுவினான். அந்தக் கப்பலின் சமையல்காரர் ஸ்மூரியிடம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. பையனை உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பிறகு சாமிப்படம் எழுதும் பட்டறை, துறைமுகம், ரொட்டிக் கிடங்கு, ரயில்வேயில் இரவுக் காவல். 1892-ல் திபிலிசி நகரத்தில் ரயில்வேப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது 'மகர் சூத்ரா' என்ற கதை அவ்வூர்ச் செய்தித்தாளில் வந்தது. கையெழுத்து: மக்ஸிம் கார்க்கி. கார்க்கி என்றால் கசப்பு.

பின்னாளில் அவர் தம் கஸான் நாட்களைப் பற்றி எழுதிய நூலுக்கு 'எனது பல்கலைக்கழகங்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். படிக்கத்தான் 1884-ல் கஸான் போனார். பல்கலைக்கழகத்தில் சேர முடியவில்லை. அந்தத் தலைப்பை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து, "வாழ்க்கையே பல்கலைக்கழகம்" என்று சொல்வதற்கு அது பயன்படுகிறது. அதே கஸானில், 1887 டிசம்பரில், பத்தொன்பது வயதில், அவர் துப்பாக்கியை எடுத்துத் தம் மார்பில் சுட்டுக்கொண்டார். குண்டு நுரையீரலைத் துளைத்தது. பிழைத்தது தற்செயல். இந்தச் செய்தியைச் சொல்லாமல் அந்தத் தலைப்பை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. அந்த வேலைகளில் செத்துப்போனவர்கள் யாரும் நூல் எழுதவில்லை.

*

தை பிறந்துவிட்டது. நாலு நாள் எழுதவில்லை.

இன்று காலை கடலூர் முதுநகர்த் துறைமுகம் வரை போய்வந்தேன். அச்சகத்துக்கு ஆஃப்செட்டின் அடி விழத் தொடங்கியபோது, 1988-ல், என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இங்கே மீன் ஏலத்தில் கணக்கு எழுதினேன். விடிகாலை நாலு மணி. ஈரத்தில் மை பரவும் என்பதால் பென்சிலால்தான் எழுதுவது. கூடை விலை, எடுத்தவர் பெயர், கொடுத்தது, பாக்கி. ஏலம் விடுகிறவரின் குரல் மூச்சு விடாமல் ஏறும். நடுவில் ஒரு பெண் கண்ணிமையை அசைப்பார். கூடை அவருக்குப் போய்விடும். பேச்சு கிடையாது. இந்தக் கண்ணசைவை நான் பார்க்கத் தவறினால் கணக்குத் தப்பும்.

கூடைக்காரம்மா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒருநாள் என் நோட்டில் இருந்த பாக்கி தப்பு என்றார். மூன்று வாரத்துக் கூடைகளை நாள்வாரியாக, மீன்வாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சங்கரா எத்தனை, காரப்பொடி எத்தனை, எந்த நாள் மழை. கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நான் தலைகுனிந்து நின்றபோது அவர் கோபப்படவில்லை.

"நீ எழுதி வெச்சிக்கிற தம்பி. அதான் மறந்துபோவுது."

எழுத்தைப் பற்றி நான் கேட்ட சொற்களில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. எந்த எழுத்தாளர் சொன்னதும் இவ்வளவு நாள் என்னிடம் தங்கவில்லை. இன்றைக்கும் ஒன்றைக் கேட்டவுடன் குறித்துக்கொள்ள மாட்டேன். சில வாரம் வெறும் மனதில் வைத்திருப்பேன். தங்கினால் எழுதுவேன். இந்த வழக்கம் அந்த அம்மாவிடமிருந்து வந்தது; அவருக்கு அது தெரியாது. இன்று போனபோது அவர் உட்காரும் இடத்தில் வேறொருவர் இருந்தார். விசாரித்தேன். மகள் வீட்டோடு போய்விட்டாராம், எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை.

*

பிறகு வேலை பார்த்த சென்னைத் திருவல்லிக்கேணி மேன்ஷன் நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. இரவு வேலை, கீழே நாற்காலி, சாவிக்கொத்து. விடுமுறை நாளில் ஊருக்குப் போக முடியாதவர்கள் வந்து பேசுவார்கள். பழைய பேரேட்டின் எழுதாத பக்கங்களில் கதை எழுதிப் பார்த்தேன். வேலை நேரத்தில் எழுதுகிறான் என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். பேரேட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அதில் இரண்டு கதைகள் இருந்தன. திரும்ப எழுத முயன்றேன், வரவில்லை.

*

எழுத்தாளர் அசோகமித்திரனுக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. அந்த அறைக்கு வருகிற எல்லோரும் அவருக்கு வேலையே இல்லை என்று நினைத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் சினிமா உலகத்தை வைத்து 'கரைந்த நிழல்கள்' எழுதியபோது நட்சத்திரங்களின் பின்னால் அவர் போகவில்லை. கார் ஏற்பாடு செய்கிறவர், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அலைகிறவர், சம்பளம் வராதவர் என்று புரொடக்‌ஷன் ஆட்களின் பின்னால் போனார். யாரும் கவனிக்காத நாற்காலியில் இருந்தவருக்கு, கவனிக்கப்படாதவர்கள் முதலில் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

*

'டிரெடில்' கதையை மறுபடி வாசித்தேன்.

1950-களில் ஜெயகாந்தன் எழுதியது. டிரெடிலில் நின்று பிறர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு தொழிலாளி. அந்த மிதி அவன் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதுதான் கதை. டிரெடிலின் வேலை தெரியாதவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றைக் காலால் மிதித்தபடி, வலது கையால் தாளை உள்ளே வைத்து, இடது கையால் அடித்த தாளை எடுக்க வேண்டும். மெஷினின் வாய் மூடித் திறக்கும் இடைவெளிக்குள் இரண்டு கையும் போய் வர வேண்டும். பிந்தினால் விரல். உடம்பின் எடை நாள் முழுக்க ஒரே காலில். எங்கள் அச்சகத்து டிரெடில்காரருக்கு வலது தொடை இடது தொடையைவிடப் பருத்திருந்தது. நடக்கும்போதும் அவர் எதையோ மிதிப்பதுபோலத்தான் நடப்பார்.

ஜெயகாந்தனும் டிரெடில் மிதித்தவர். ஆனால் கதையின் நடுவில் நிற்பவன் அந்தத் தொழிலாளி. அங்கிருந்து வெளியேறி எழுத்தாளரான ஒருவரின் வெற்றி அதில் எங்கும் இல்லை. 'உன்னைப்போல் ஒருவன்' நாவலிலும் அப்படியே. சித்தாள் தங்கமும் மகன் சிட்டியும் கிளிஜோசியக்காரனும் அவர்கள் பேச்சோடு அங்கே இருக்கிறார்கள். எழுதியவர் கதவோரத்தில்கூட நிற்கவில்லை. அதை அவரே படமாக எடுத்தார். தேசிய விருதும் கிடைத்தது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதெமி. பிறகு ஞானபீடம், பத்மபூஷண். 2015 ஏப்ரல் 8 அன்று காலமானார். இந்த வரிசையைச் சொல்லி, "பார்த்தீர்களா, டிரெடில் மிதித்தவர் எங்கே போய்விட்டார்" என்று வியக்கிறவர்கள் உண்டு. டிரெடிலிலேயே நின்றவரை அந்த வியப்பு ஒருமுறை மிதித்துவிட்டுப் போகிறது. ஜெயகாந்தன் எழுதியது அதற்கு நேர் எதிரானது என்றே நான் படிக்கிறேன்.

*

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த குறிப்பை இன்று எழுதுகிறேன்.

என் முதல் கதை 1992-ல் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. ஃபோர்மனைப் பற்றியது. துதிக்கை லையைத் துடைத்து வைக்கும் கை அதில் உண்டு. பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய மெதுவாக வாசித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி விரலால் தாளைத் தடவினார். மேடுபள்ளம் இல்லாத ஆஃப்செட் தாள்.

"என் கைய எழுதியிருக்க" என்றார்.

நான் சிரித்தேன்.

"பேர ஏம்பா மாத்திட்ட?"

கதையில் அப்படித்தான் செய்வது வழக்கம், சொந்தப் பெயரைப் போட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். குறைபட்டுக்கொள்ளவில்லை. "முப்பத்தெட்டு வருசம் ஊர்ல இருக்கிறவன் பேரெல்லாம் கோத்தேன். எம்பேர நான் கோத்ததே கெடையாது. எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கோத்தேன், அது ஒண்ணுதான்" என்றார். பிறகு காபி வந்தது. வேறு பேச்சுக்குப் போனோம்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அந்தத் திண்ணைக்கு ஒருமுறை போய்வருகிறேன். பெயர் மாற்றுவதும் மாற்றாமலிருப்பதும் அல்ல எனக்குப் பிரச்சினை. என் கையில் இருப்பவற்றில் எது எனக்குச் சொந்தம் என்பதுதான். நான் செய்த வேலைகளை அனுபவம் என்று சொல்கிறார்கள். அனுபவம் என்னுடையது. வேலை அவர்களுடையது. எனக்கு முன்பும் அவர்கள் அங்கே இருந்தார்கள். நான் கிளம்பியபின்னும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுத்தாளனின் கணக்கில் வரவு வைப்பது தப்புக் கணக்கு. கூடைக்காரம்மா என்றால் மூன்றாவது வரியிலேயே பிடித்திருப்பார்.

*

அச்சகத்தை 1990-களின் நடுவில் மூடினார்கள். எழுத்துகளைச் சாக்கில் அள்ளி, கிலோக் கணக்கில் எடைபோட்டு, உருக்குவதற்கு அனுப்பினார்கள். க-வும் ங-வும் ஒரே விலை. மரக் கேஸ்களை ஒருவர் வாங்கிப்போய்த் திருகாணி போட்டு வைக்கும் பெட்டியாக்கினார். ஃபோர்மன் அன்றைக்கு வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஸ்டிக், கேலி, மேட்டர், பாரம், முடுக்கு, பிரித்துப் போடு. இந்தச் சொற்களை எங்கள் அச்சகத்தில் சொன்ன வகையில் சொல்லக்கூடியவர்களில் இப்போது இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது கடந்துவிட்டது. போன வாரம் ஒருவரிடம் போயிருந்தேன். நான் கேட்கக் கேட்க, வலது கை காற்றில் அறைகளைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தது. எந்த எழுத்து எந்த அறை என்று ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் விரல் போன இடத்துக்கு என் விரலும் போனது.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். கம்பாசிட்டராக, டிரெடில் மிதித்தவராக, பைண்டிங் செய்தவராக. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னாலோ கடைத்தெரு முடிவிலோ கேட்டுப்பாருங்கள், காட்டுவார்கள். ஒரு மத்தியானம் போய் உட்காருங்கள். கதைக்காகப் போகாதீர்கள். அவர் கோத்த முதல் பெயர் எது என்று கேளுங்கள். பிறகு அவர் பெயரைக் கேட்டு, மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.